பதில் வராவிட்டால்

பதினோரு மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம் பதினொன்றே காலுக்குத் தொடங்கியது. பீளமேட்டில் ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் அங்கே யாருக்கோ வரவேற்பு நடந்திருந்தது. மேடையின் பின்சுவரில் தெர்மகோல் எழுத்துகளில் மணமகளின் பெயர் பாதி உரிக்கப்பட்டிருந்தது. மீதிப் பாதியை வெள்ளைத்திரை மறைத்தது.

கோகிலவாணியை மணமக்கள் நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். சிவப்பு வெல்வெட், தங்கப் பூச்சு. பக்கத்து நாற்காலியில் சிகாமணி. அவளுடைய நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவன். வேறு நாற்காலி இல்லையா என்று கேட்டதற்கு மண்டபத்து மேனேஜர், "மேடைக்கு இதுதானுங்க போடுவோம்," என்று சொல்லிவிட்டார்.

கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்திருந்தன. அவளுடைய ஏற்றம் கேம்ஸ் நடத்தும் ஆண்டு ரசிகர் சந்திப்பு. ஈரோடு, திருப்பூர், பாலக்காடு என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருந்தார்கள். பலர் நெற்றிப்பட்டையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் 'தலைமதகு' விளையாட்டின் இரண்டாம் பாகத்தைக் கோகிலவாணி வெளியிட வேண்டும். அதற்கு முன் கேள்வி நேரம்.

'தலைமதகு' எளிய விளையாட்டு. வறண்ட நிலம். மேற்கே ஒரு மதகு. விளையாடுகிறவர் வாய்க்கால் வெட்டி, உடைப்பை அடைத்து, மேட்டு ஊர்க்காரர்களோடு சண்டை போட்டுத் தண்ணீரைக் கடைமடை வரை கொண்டு போக வேண்டும். அதில் புதிதாக ஒன்றும் இல்லை. நெற்றியில் கட்டும் பட்டைதான் புதிது. கடைசி வயலில் தண்ணீர் ஏறும்போது மனதில் எழும் நிறைவைப் பட்டை தொட்டுக் கூட்டிக் கொடுத்தது. பிள்ளை பிறந்த செய்தி கேட்டதுபோல் இருந்தது என்று ஒருவர் எழுதியிருந்தார். அந்த வரியை விளம்பரத்தில் போட்டார்கள்.

முதலில் திரையில் ஒரு படம் ஓடியது. நிறுவனத்தின் கடந்த ஓராண்டு. ஊழியர்களின் சுற்றுலா, ஒரு விருது, யாரோ ஒருவரின் வளைகாப்பு. கடைசியாக ஆயுத பூஜை. சிறிய குளிரூட்டிய அறை. ஆள் உயரத்தில் இரண்டு கறுப்பு இயந்திரங்கள். இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. காலடியில் பொரி, கடலை, எலுமிச்சம்பழம். பட்டுப்புடவையில் கோகிலவாணி தட்டைச் சுற்றினாள். அறையில் கற்பூரம் மட்டும் எரிந்தது.

கூட்டம் கைதட்டியது. படம் அந்த இடத்தில் நின்றது.

"இவங்கதான் உங்களுக்கெல்லாம் ஆமான்னு சொல்றவங்க," என்றான் சிகாமணி ஒலிவாங்கியில். "நீங்க விளையாட்டை முதல் தடவை திறக்கறப்ப, இது நம்மகிட்ட வாங்கின காப்பிதானான்னு பட்டை இங்கதான் வந்து கேட்கும். வருஷம் பூரா தூங்காம உட்கார்ந்து பதில் சொல்றாங்க. மிஷினா இருந்தா என்ன, ஒரு மரியாதை வேணுமில்லீங்களா?"

மறுபடி கைதட்டல்.

முதல் கேள்வி முன்வரிசையிலிருந்து வந்தது. மதகு படம் போட்ட சட்டைக்குள் தொப்பையை அடக்கி வைத்திருந்த மனிதர். பெயர் பொன்னுரங்கம் என்றார். ஒவ்வோர் ஆண்டும் வருகிறவர்.

"முன்னெல்லாம் விளையாட்டு பெட்டில வரும்ங்க மேடம். அட்டைப்பெட்டி. உள்ளே மடிச்சு ஒரு மேப் இருக்கும். இன்னும் வீட்டுல வச்சிருக்கேன். எம் பொண்டாட்டி அதுல வெங்காயம் போட்டு வச்சிருக்கா."

சிரிப்பு.

"இப்ப எல்லாம் காத்துல வருது. காத்துல வந்தது நாளைக்குக் காத்துலயே போயிருச்சுன்னா?"

"போகாதுங்க," என்றாள் கோகிலவாணி. "பெட்டில வித்த காலத்துல ஒருத்தர் வாங்குவார், தெருவே விளையாடும். என் முதல் விளையாட்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கா?"

"இல்லாமயா? 'மணல்வீடு'."

"நீங்க வாங்கினீங்களா?"

பொன்னுரங்கம் தலையைச் சொறிந்தார். "சித்தப்பா பையன் குடுத்தான்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள்.

'மணல்வீடு' வந்த வாரமே அதன் நகலும் வந்தது. விற்பனை படுத்துவிட்டது. அவள் ஆள்களை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பினாள். அவளோடு சேர்ந்து நிறுவனத்தைத் தொடங்கியவன் கடைசியாகப் போனான். பிறகு அவன் எந்த வேலைக்கும் போகவில்லை. இப்போதும் எங்காவது பார்த்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுவான். இதை அவள் மேடைகளில் சொல்வதில்லை.

ஒலிவாங்கி கைமாறிப் போனது. ஒரு கல்லூரிப் பெண் எழுந்தாள்.

"அக்கா, என் காப்பியை என் தம்பி பட்டைல போட்டா என்ன ஆகும்?"

"தம்பிக்குத் தண்ணி வரும். நிறைவு வராது."

"அவன் என்னைக் கொன்னுடுவான்."

"சொந்தமா ஒண்ணு வாங்கிக்கச் சொல்லு. உயிர் பிழைச்சுக்கலாம்."

"இல்லக்கா, நிஜமாவே எப்படி வேலை செய்யுது? சும்மா எரிச்சலா இருக்குமா?"

கோகிலவாணி சிகாமணியைப் பார்த்தாள். அவனுக்கு இது பிடித்த இடம். நாற்காலியில் முன்னால் நகர்ந்தான்.

"நாங்க காப்பியைத் தடுக்கறதில்லம்மா. தடுத்தா உடைப்பாங்க. பூட்டு போட்டா சாவி செய்வாங்க. அதனால விட்டுடறோம். விளையாடட்டும். கடைமடைக்குத் தண்ணி போகட்டும். ஆனா போய்ச் சேர்ந்துருச்சு, முடிஞ்சுதுன்னு மண்டைக்குள்ள ஒரு சின்னத் துடிப்பு வரும். கதவைச் சாத்தினா வரும், சாப்பிட்டுக் கை கழுவினா வரும். நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவு சின்னது. நல்ல காப்பின்னா பட்டை அதைத் தூக்கி விடும். திருட்டுக் காப்பின்னா அது கிளம்பற இடத்துலயே அமுக்கிடும்."

"வலிக்குமா?"

"வலிக்காது. ஒண்ணுமே இருக்காது. அதுதான் விஷயம்."

"இலை நிறையச் சோத்தைப் போட்டுட்டுப் பசியை மட்டும் விட்டு வைக்கிற மாதிரி," என்று பின்னாலிருந்து ஒரு குரல். விசில் பறந்தது.

வெளியிடுவதற்கு முன் கோகிலவாணி அந்த அமுக்கலைத் தன் மேல் போட்டுப் பார்த்திருந்தாள். ஒரு பகல். வீட்டுக்கு வந்து சமையலறைக் குழாயை மூடினாள். திரும்பிப் போய் மூடியிருக்கிறதா என்று பார்த்தாள். மறுபடி போனாள். குழாய் மூடித்தான் இருந்தது. ஒரு வாரத்தில் சரியாயிற்று. ஒரு பகலுக்கு ஒரு வாரம் என்றால் பல மாதம் விளையாடுகிறவனுக்கு என்ன என்று அவள் அப்போது நினைத்தாள். அவன் அதற்குள் வாங்கிவிடுவான் என்று பதிலும் சொல்லிக்கொண்டாள்.

வால்பாறையிலிருந்து வந்த ஒருவர் எழுந்தார். எஸ்டேட் ஆள்.

"எங்க ஊர்ல நெட்டு வர்றதே திருவிழா மாதிரிங்க. பட்டை கேள்வி கேட்கற நேரத்துல லைன் போயிருச்சுன்னா?"

"முதல் தடவை மட்டும் நல்ல லைன் இருக்கற இடத்துல உட்காருங்க. ஒரு தடவை ஆமான்னு வந்துட்டா அதுக்கப்புறம் கவலையில்லை."

"அந்த ஒரு தடவை பதில் வரலைன்னா?"

"இல்லைன்னு எடுத்துக்கும்."

"அதெப்படீங்க மேடம்? வரலைன்னா வரலை, அவ்வளவுதானே?"

"திருடறவன் செய்யற முதல் வேலையே லைனைப் பிடுங்கறதுங்க. மிஷினுக்குக் கேள்வியே போகாது, பதிலும் வராது. அதுக்கு இரக்கப்பட்டா அப்புறம் பூட்டு எதுக்கு?" அவள் சுற்றிலும் கையைக் காட்டினாள். "இது கல்யாண மண்டபம். பொண்ணு பாத்துட்டுப் போனவங்க வீட்டுலிருந்து பதில் வரலைன்னா என்னங்க அர்த்தம்?"

"வேண்டாம்னு அர்த்தம்," என்றது மண்டபம் ஒரே குரலில். வால்பாறைக்காரரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

"மேடம், காப்பி எங்கேயிருந்து வருதுன்னு ஊருக்கே தெரியும்," என்றான் நடுவரிசையில் ஒருவன். ஒலிவாங்கி அவன் கையில் இல்லை. "நாலு தெருப் பேரைச் சொன்னாப் போதும்."

சிலர் சிரித்தார்கள். கோகிலவாணி சிரிக்கவில்லை. மறுக்கவும் இல்லை. போன வருடம் சிகாமணி ஒரு வரைபடம் காட்டியிருந்தான். நகல் என்று முத்திரை விழுந்த பட்டைகளின் முகவரிகள். ஊர் முழுக்கத் தூவினாற்போல் இருந்த புள்ளிகள் சில தெருக்களில் மட்டும் திட்டாகக் குவிந்திருந்தன. அந்தத் தெருக்களுக்குப் பண்டிகைச் சலுகை வேண்டாம் என்று அவள் சொன்னாள். ஏன் குவிந்தது என்று கேட்கவில்லை.

தூணருகே ஒரு பெண் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தாள். கறுப்பு அங்கி, சாம்பல் நிறத் தலைத்துணி. கழுத்தில் பட்டை இல்லை. ஒலிவாங்கி தன் பக்கம் வந்தபோது கையை நீட்டி வாங்கிக்கொண்டாள்.

"என் பேர் நிலோஃபர். விளையாட்டைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. எங்க அண்ணன் விளையாடுவார். அன்வர்னு பேர். பம்ப்செட் கம்பெனில ஃபிட்டரா இருந்தார்."

"அண்ணன் வரலையாம்மா?"

"வந்திருக்கார். வாசல்ல செருப்பு விட்டுட்டிருக்கார்."

யாரோ சிரித்தார்கள். பிறகு சிலர் திரும்பிப் பார்த்தார்கள். மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் குனிந்திருந்தான். செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்து, நிமிர்ந்தான். உள்ளே வர ஓர் அடி எடுத்தான். நின்று செருப்பைப் பார்த்தான். திரும்பிப் போய் மாட்டிக்கொண்டான். மறுபடி கழற்றினான்.

"கழட்டி முடிச்ச மாதிரி அவருக்கு ஆகாதுங்க," என்றாள் நிலோஃபர். "கூட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே வந்துட்டோம்."

சிரிப்பு நின்றது.

"கம்பெனில நட்டு முறுக்கறப்ப இறுகினது தெரியாம முறுக்கிட்டே இருந்தார். மரை தேஞ்சு ஒவ்வொண்ணாப் போச்சு. நிறுத்திட்டாங்க. வீட்டுல தட்டை எடுத்தாத்தான் சாப்பாட்டை நிறுத்துவார். தொழுதுட்டு ஸலாம் குடுத்தா முடிஞ்சுதுங்க. இவர் ஸலாம் குடுத்துட்டுத் திரும்ப முதல்லேயிருந்து ஆரம்பிப்பார். முட்டி ரெண்டும் புண்ணு. பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து கையைப் பிடிச்சு, போதும் தம்பி, அல்லா ஏத்துக்கிட்டான்னு சொன்னார். சரிங்கன்னு சொல்லிட்டு மறுபடி நின்னார்."

அவள் குரல் உயரவில்லை. எங்கோ பலமுறை சொல்லிப் பழகியதுபோல் சொன்னாள்.

"போன மாசம் எங்க அத்தா மவுத்தாயிட்டாங்க. கபுருல மண்ணு தள்ளிட்டு எல்லாரும் வந்துட்டாங்க. இவர் வரல. மறுநாள் காலையில மாமா போய்ப் பார்த்தா, கையால மண்ணை அள்ளி அள்ளிப் போட்டுட்டிருக்கார். பக்கத்துக் கபுரு மண்ணையும் சேர்த்து. இன்னும் மூடலை மாமாங்கறார். இன்னிக்கும் தினம் போறார். அத்தாவை இன்னும் அடக்கியே முடிக்கல அவர்."

பந்தி மண்டபத்தில் இலை போடும் சத்தம் கேட்டது.

"காப்பி அடிச்சா அப்படித்தான் ஆகும்," என்றான் நடுவரிசைக்காரன். இந்த முறை மெதுவாக.

பொன்னுரங்கம் திரும்பினார். "சும்மா இருய்யா."

கோகிலவாணி ஒலிவாங்கியை நெருக்கிப் பிடித்தாள். "கேட்கவே கஷ்டமா இருக்கும்மா. இதுக்கு வழி இருக்கு. நல்ல காப்பி ஒண்ணைப் பதிவு பண்ணினா, அமுக்கினதைப் பட்டையே கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பிக் குடுக்கும். சில மாசத்துல சரியாயிடும்."

"அவருக்கு விக்க மாட்டேங்கறீங்களே."

"அது..."

"முத்திரை விழுந்தவருக்கு ஆயுசுக்கும் கிடையாதுன்னு பதில் போட்டீங்க. என் பேர்ல வாங்கிப் பார்த்தோம். பட்டை அவர் நெத்தியில ஏறினதும் கண்டுபிடிச்சிருது."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. ஒருத்தருக்கு வளைச்சா எல்லாருக்கும் வளைக்கணும்."

"வளைக்கச் சொல்லலைங்க. அவர் வாங்கினது நல்ல காப்பி. உங்ககிட்டதான் வாங்கினார். முத்திரை தப்பா விழுந்திருச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லி எடுத்துடுங்க. அது போதும்."

அந்த ஒரு வார்த்தைதான் கோகிலவாணியால் முடியாதது. சென்ற ஆண்டு ஒரு குடும்பம் வழக்கு போட்டது. அவள் கூண்டில் ஏறி, இதுவரை ஒரு முத்திரைகூடத் தவறாக விழவில்லை என்று சத்தியம் செய்தாள். அது உண்மை என்றே நம்பினாள். அந்தச் சொல்லை வைத்துத் தீர்ப்பு வந்தது. குற்றம் செய்தவனுக்கு அவன் செய்த குற்றமே தண்டனை என்று எழுதியிருந்தார்கள். ஒன்று தவறு என்றால் எல்லாவற்றையும் திறந்து பார்க்கச் சொல்வார்கள். இரண்டாம் பாகம் வெளிவராது. அலுவலகத்தில் மறுபடி ஒவ்வொருவராக அனுப்ப வேண்டியிருக்கும்.

"எப்பம்மா வாங்கினார்?" என்று கேட்டான் சிகாமணி.

"ரெண்டு வருஷம் முன்னாடி, ஆயுத பூஜை அன்னிக்கு. கம்பெனில பூஜை போட்டுட்டு பொரி, இனிப்பு, போனஸ் எல்லாம் குடுத்து மதியத்துக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்க. வர்ற வழியிலயே போன்ல வாங்கிட்டார். ஆஃபர் போட்டிருந்தீங்க. பொரியை அம்மாகிட்டக் குடுத்தார். மதியம் லுஹர் தொழுதுட்டு வந்து பட்டையை மாட்டினார். அவர் முகத்துல அவ்வளவு சந்தோஷம், நான் பார்த்தேன். பிள்ளை பிறந்த மாதிரி இருக்குமாம்னு சொன்னார்."

கோகிலவாணிக்கு அந்த நாள் நினைவிருந்தது. புதன்கிழமை. ராகு காலம் முடியட்டும் என்று ஒன்றரை மணி வரை காத்திருந்தார்கள். பிறகுதான் சிகாமணி சுவரோரம் போய் இயந்திரத்தை நிறுத்தும் சொடுக்கியைத் தொட்டான். அவள் அவனை நிறுத்தி, நான் செய்கிறேன் என்று சொன்னாள்.

ஒலிவாங்கியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவன் பக்கம் சாய்ந்தாள்.

"அன்னிக்கு மாத்து மிஷின் ஓடிட்டுதானே இருந்துச்சு?"

சிகாமணி கூட்டத்தைப் பார்த்துச் சிரித்த முகத்தை மாற்றவில்லை. "ரெண்டையும்தானே நிறுத்தினோம்க்கா."

"ரெண்டையுமா?"

"ஒண்ணுக்குப் பொட்டு வச்சு, பூஜை பண்ணி, இன்னொண்ணை வேலை வாங்கினா நல்லா இருக்காதுன்னு நீங்கதான் சொன்னீங்க. அன்னிலேயிருந்து வருஷா வருஷம் அப்படித்தான்."

"எவ்வளவு நேரம்?"

"கற்பூரம் காட்டி, பிரசாதம் குடுத்து, போட்டோ எடுத்து... ஒரு மணி நேரம் இருக்கும்."

"அந்த நேரத்துல புதுசா யாரும் திறக்கலையா?"

"நம்மாளுங்க யாரு திறக்கப் போறா? ஆஃபர்ல வாங்குவாங்க. பட்டையை சாமி முன்னாடி வச்சிட்டு மறுநாள் விஜயதசமிக்குத்தான் தொடுவாங்க. அன்னிக்கே திறக்கறவங்கன்னா..."

அவன் நிறுத்திக்கொண்டான். அவளுக்கு வரைபடம் நினைவுக்கு வந்தது. அந்தத் தெருக்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"தெரியும்னு இல்லக்கா. மேப்பைப் போட்டப்ப ஒரு மாதிரி இருந்துச்சு. நீங்க ஒண்ணும் கேட்கல."

கோகிலவாணி நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாற்காலியின் வெல்வெட் முதுகில் சுட்டது.

"இந்தப் பையனுக்கு மட்டும் எடுத்துரலாம்," என்றான் சிகாமணி. "சத்தம் போடாம. நாளைக்கு."

"மத்தவங்க?"

அவன் முகத்தைக் கூட்டத்தின் பக்கம் திருப்பிக்கொண்டான்.

அவள் ஒலிவாங்கியிலிருந்து கையை எடுத்தாள். "நிலோஃபர், உங்க நம்பரைக் குடுத்துட்டுப் போங்கம்மா. நாங்களே கூப்பிட்டுப் பேசறோம்."

"பேசினோம்ங்க. நாலு தடவை. மிஷின் சொன்னதுதான் கடைசின்னு சொல்லிட்டாங்க."

"அது பொதுவாச் சொல்ற பதில். இது வேற. தனியாப் பேசுவோம்."

"இப்ப ஏன் வேறங்க?"

கோகிலவாணி தண்ணீர்க் குவளையை எடுத்தாள். குடிக்காமல் வைத்தாள்.

"எங்க அண்ணன் மட்டும் இல்லீங்க," என்றாள் நிலோஃபர். "எங்க பின் தெருவுல மார்ட்டின்னு ஒரு பையன். சர்ச்ல ஆர்கன் வாசிப்பான். இப்பப் பாட்டை முடிக்க மாட்டேங்கறான். அவனும் அதே நாள்தான் வாங்கினான். ஏன் அந்த நாள்னு எங்களுக்குப் புரியல. நாங்க ஏதோ தப்பு பண்ணிட்டோம்னுதான் நினைச்சோம். அத்தா சாகற வரைக்கும் அண்ணனைத் திருடன்னே நம்பினாங்க. முகத்தைப் பார்த்துப் பேசல." அவள் கையை உயர்த்தித் திரையைக் காட்டினாள். "இப்ப நீங்க போட்ட படத்தைப் பார்த்தேன்."

எல்லோரும் திரையைப் பார்த்தார்கள். நின்றுபோன படம் அப்படியே இருந்தது. மாலை போட்ட இரண்டு இயந்திரங்கள். தட்டோடு கோகிலவாணி. கற்பூரச் சுடர்.

"நான் டயாலிசிஸ் வார்டுல டெக்னீஷியன். மிஷினோடதான் என் பொழப்பு. ஓடற மிஷின்ல விளக்கு எரியும். நாங்களும் ஆயுத பூஜை போடறோம். ஒவ்வொரு மிஷினுக்கும் நான்தான் பொட்டு வைப்பேன். சிஸ்டர் கற்பூரம் காட்டுவாங்க. ஆனா நிறுத்த மாட்டோம்ங்க. அந்தப் பக்கம் ஆள் படுத்திருப்பாங்க."

வால்பாறைக்காரர் எழுந்து திரைக்கு அருகே வந்து உற்றுப் பார்த்தார். பிறகு மேடையைப் பார்த்தார். தன் இருக்கைக்குத் திரும்பவில்லை. கல்லூரிப் பெண் கழுத்திலிருந்த பட்டையைக் கழற்றி மடியில் வைத்தாள். அதை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போல் மறுபடி கையில் எடுத்தாள்.

"அக்கா, படத்தை நிறுத்தச் சொல்லட்டுமா?" என்றான் சிகாமணி உதடு அசையாமல்.

கோகிலவாணி கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்வர் செருப்பைச் சேர்த்து வைத்தான். நிமிர்ந்தான். இந்த முறை இரண்டு அடி வந்துவிட்டான். கதவின் கைப்பிடியைத் தொட்டான். உள்ளே எல்லோரும் தன்னையே பார்ப்பதைப் பார்த்தான். தவறு செய்தவன்போல் லேசாகச் சிரித்து, செருப்பு இருந்த இடத்துக்குத் திரும்பிப் போனான்.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் மேடம்," என்றாள் நிலோஃபர். "அந்தப் புதன்கிழமை மதியம் எங்க அண்ணன் பட்டை உங்ககிட்டக் கேட்டப்ப, பதில் சொல்ல இந்த மிஷின் ஓடிட்டிருந்துதுங்களா?"

ஒலிவாங்கி கோகிலவாணியின் கையில் இருந்தது. அவள் அதை வாய் வரை கொண்டு வந்தாள். அவளுடைய மூச்சு ஒலிபெருக்கிகளில் கேட்டது. சிகாமணி தரையைப் பார்த்தான். நடுவரிசைக்காரன் தலையைக் குனிந்திருந்தான். பந்தி மண்டபத்து ஆள் ஒருவர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, இலை போட்டாயிற்று என்று சொல்ல வாயெடுத்து, மண்டபத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

நிலோஃபர் காத்திருந்தாள். எல்லோரும் காத்திருந்தார்கள்.

முன்வரிசையில் பொன்னுரங்கம் மெல்ல எழுந்து நின்றார்.

"பதில் வரலீங்களே, மேடம்?"